பத்தொன்பதாம் எண்ணின் அடைப்புக்குறிகள்

லஷ்கர் மொஹல்லா, மைசூர்
3 மே 1954

அன்புள்ள செலினுக்கு,

ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன:

1. விடைத்தாள்கள்.
2. பத்தொன்பதாம் எண்ணுள்ள தாள்.
3. தேவையற்ற அடைப்புக்குறிக்கு அரை மதிப்பெண் குறைத்தது ஏன்.
4. நான் நேரில் வராதது.

இப்படி எண் போட்டுக்கொள்ளாவிட்டால் நடுவழியில் எங்கேயோ போய்விடுவேன் (உன் அக்கா ரெஜினா இருந்தவரை அவள்தான் என்னை இழுத்துப் பிடிப்பாள்).

முதலாவது. உங்கள் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்த முப்பத்தொரு பெண்களின் கணக்குத் தாள்களையும் திருத்தி, கட்டி, அரக்கு வைத்து, நாளைக் காலை கொள்ளேகால் பஸ்ஸில் அனுப்புகிறேன். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தாய். அதனால் முதல் பன்னிரண்டு எண்களைத் தனித் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். இரண்டு முறை திருத்தினேன் (இரண்டாம் முறை எதுவும் மாறவில்லை, ஆனாலும் மனம் அமைதியடையவில்லை). பெண்கள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு கணக்கில் மட்டும் பலர் சறுக்கிவிட்டார்கள். இருபது போர்வைகளில் எட்டு சலவைக்குப் போயின, ஐந்து திரும்பி வந்தன, இப்போது கையில் எத்தனை என்ற கணக்கு. 20 − 8 + 5 என்று சரியாக எழுதிவிட்டு, கூட்டலை முதலில் செய்து, 7 என்று முடித்திருக்கிறார்கள். கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து உள்ளவை, இடமிருந்து வலமாக வரிசையில்தான் செய்ய வேண்டும், விடை 17 என்று யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை போலும். திரும்பி வந்த போர்வையையும் சேர்த்துச் சலவைக்குப் போட்டுவிட்டார்கள் (இதை நகைச்சுவையாகச் சொல்கிறேன்).

இரண்டாவது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, எண்தான் தெரியும். நான் பாடம் நடத்திய வருடங்களில் இப்படிப்பட்ட தாளை அதிகம் பார்த்ததில்லை. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தையல் போட்டதுபோல் இறங்குகின்றன. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதே இல்லை. கடைசி இரண்டு கணக்குகளை அவள் தொடவில்லை. நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன். தொட்டவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. மாலை வெளிச்சம் போன பிறகும் விளக்கைத் தூண்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் எட்டு இடங்களில் தேவையில்லாத அடைப்புக்குறி போட்டிருக்கிறாள். அதனால் நான்கு மதிப்பெண் போய்விட்டது. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் பதிமூன்றாவதாக நிற்கிறாள் (எனக்கு இது வருத்தம்தான்).

மூன்றாவது. அவள் 5 + (6 × 2) என்று எழுதுகிறாள். விடை 17, சரி. ஆனால் இங்கே அடைப்புக்குறி எதற்கு? பெருக்கல் கூட்டலுக்கு முன்னே வரும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு. ஆறும் இரண்டும் ஒரு வீட்டுக்காரர்கள்; ஐந்து அண்டை வீட்டுக்காரர். வீட்டுக்காரர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு அப்புறம்தான் அண்டை வீட்டாருடன் பேசுவார்கள். அவர்களைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அந்த வீட்டின் ஒற்றுமையைச் சந்தேகிப்பதாக ஆகும். கூட்டல் முந்திக்கொள்ள வேண்டிய இடத்தில், (5 + 6) × 2 என்பதுபோல், அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். அங்கே அது அழகு. மற்ற இடத்தில் அது அழுக்கு. யாரும் ஒரு சொல் சொல்லாமலே கோடிக்கணக்கான எண்கள் தங்கள் முறை வரும்வரை காத்து நிற்கின்றனவே, அதைவிட மரியாதையான சபை எனக்குத் தெரியாது. இதனால்தான் வினாத்தாளின் தலைப்பிலேயே, தேவையற்ற அடைப்புக்குறிக்கு அரை மதிப்பெண் குறைக்கப்படும் என்று அச்சிடச் சொன்னேன் (முன்கூட்டியே சொல்லாமல் தண்டிப்பது எனக்குப் பிடிக்காது).

நான்காவது. தாள்களை நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். பஸ் பயணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மன்னித்துவிடு (ரெஜினாவின் கல்லறைக்கு இந்த வருடம் வெள்ளையடித்தார்களா?).

அன்புடன்,
கொர்னேலியஸ்

*

கொள்ளேகால்
7 மே 1954

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எண் போட்டு எழுத எனக்கு நேரமில்லை. டாக்டர் ரவுண்டு வருவதற்குள் முடிக்க வேண்டும்.

தாள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அரக்கை உடைக்கக் கத்தி தேவைப்பட்டது.

கணக்கில் வந்தவற்றை விட்டுவிட்டு எண்ணினால் உங்கள் கடிதத்தில் ஆறு அடைப்புக்குறிகள் இருக்கின்றன. உங்கள் விதிப்படி மூன்று மதிப்பெண் குறைத்துவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் செய்ய வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். அதனால் உங்கள் கடிதங்களில் அதைத்தான் முதலில் படிக்கிறேன். மீதியைப் படிக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அக்கா கல்லறைக்கு வெள்ளையடித்தார்களா என்று கடிதத்தின் கடைசி மூலையில் ஒளித்துக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் கண்ணை மூடினாள், இந்த ஊரில்தான் படுத்திருக்கிறாள். அடக்கம் முடிந்து பஸ் ஏறிப் போனவர் மூன்று வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளையடித்தோமா இல்லையா என்பதை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் எண்ணின் பெயர் பழனாத்தாள். ஊர் ஹனூருக்கு அப்பால். அப்பா மாதப்பன் காட்டில் மூங்கில் வெட்டுகிறவர். இவள் பட்டுக்கூடு அவிக்கிற கொட்டகையில் வேலை செய்துகொண்டே ஹைஸ்கூல் முடித்தவள். விரல் நுனியெல்லாம் வெந்நீரில் வெந்து வெளுத்திருக்கும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஜூன் முதல் தேதி பயிற்சி தொடங்குகிறது. அதற்குள் இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த வெந்நீருக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

நேர்முகத் தேர்வில் முப்பத்தொரு பேரையும் நான் பார்த்தேன். கைகழுவச் சொன்னபோது முழங்கை வரை கழுவியவள் இவள் ஒருத்திதான். எனக்கு இவள் வேண்டும்.

சுவர் எழுப்பினால் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். என் வார்டில் அப்படி இல்லை அத்தான். பேதி கண்டவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவளைப் படுக்கவைத்துவிட்டு, எல்லாரும் அவரவர் முறை தெரிந்து நடந்துகொள்வார்கள் என்று நான் தூங்கப் போக முடியுமா? தட்டி வைத்து மறைப்பதுதான் என் வேலையில் பாதி.

அந்த நான்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
செலின்

*

மைசூர்
11 மே 1954

அன்புள்ள செலினுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்து எழுதுகிறேன். மூன்று செய்திகள்:

1. விதியை நான் மாற்ற முடியாதது.
2. ஒரு கேள்வி.
3. கூட்டம்.

முதலாவது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் தலைப்பில் அச்சிட்ட வரி எல்லாருக்கும் பொது. மற்றப் பெண்களில் பெரும்பாலோர் அதைப் படித்துக் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஒரு சின்ன வளைவு போட்டிருந்தால் பயமில்லாமல் எழுதியிருப்பார்கள். போடவில்லை. இப்போது போட்டவளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தால், போடாதவர்களிடம் நான் என்ன சொல்வேன்? அவள் மேலே ஏறினால் பன்னிரண்டாவதாக இருப்பவள் கீழே போக வேண்டும். அவளும் யாரோ ஒருவருடைய மகள்தானே. ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதுவது பலகையில் எளிது (பலகையில்கூட நான் தயங்கித்தான் அழிப்பேன்).

இரண்டாவது. அந்த வரியை அவள் படித்தாளா? இதை நீ அவளிடம் கேட்க வேண்டும். படிக்கவில்லை என்றால் அது கவனக்குறைவு. ஒரு நர்ஸ் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் இருக்கலாமா? படித்துவிட்டும் போட்டாள் என்றால் அது கீழ்ப்படியாமை. இரண்டில் எது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே அந்தத் தாளுக்குப் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட கை கவனக்குறைவாக இராது. அப்படிப்பட்ட வரிசை அடங்காதவளிடமிருந்து வராது. என் கேள்வியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எது என்று தெரியவில்லை.

தாள்களை உனக்கு அனுப்பிவிட்டாலும், அவள் எழுதிய ஐந்தாம் கணக்கை என் நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தேன். (20 − 8) + 5. விதிப்படி அங்கே அடைப்புக்குறி தேவையில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு யாரும் 7 என்று சொல்ல முடியாது. இது என்னை உறுத்துகிறது.

மூன்றாவது. மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமானால் உங்கள் கமிட்டி கூடும் என்று தெரியும். அங்கே வந்து பேசு என்று மட்டும் சொல்லாதே. நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இத்தனை வருடம் பாடம் நடத்தியது கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான். மாணவர்களின் முகங்களை நான் ஓய்வுபெற்ற நாளில் எடுத்த புகைப்படத்தில்தான் சரியாகப் பார்த்தேன் (அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்).

அன்புடன்,
கொர்னேலியஸ்

*

கொள்ளேகால்
14 மே 1954

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி பழனாத்தாளை வரச்சொல்லிக் கேட்டுவிட்டேன். மலைப்பாதையில் வந்த லாரியில் ஏறி வந்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை.

“மேலே அச்சடிச்சிருந்ததே, படிக்கலையா?” என்று கேட்டேன்.

“படிச்சனுங்க.”

“அப்புறம் ஏன் போட்டே?”

“எனக்கு விதி தெரியுமுங்க. படிக்கறவங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாதுங்களே.”

“திருத்தினவர் கணக்கு வாத்தியார். அவருக்குத் தெரியாதா?”

கால் கட்டைவிரலைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: “அவருக்குத் தெரியுமுங்க. நான் நர்சாகி எழுதறப்போ படிக்கறது அவருங்களா?”

மேலே அவளே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் மாதப்பனுக்குக் காட்டுக்காய்ச்சல் வந்திருக்கிறது. ஊரில் போட்ட மருத்துவ முகாமுக்கு வந்த கம்பவுண்டர் கொய்னா என்கிற குயினைன் மாத்திரையும் ஒரு புட்டி மருந்துத் தண்ணீரும் கொடுத்து, ஒரு சீட்டில் “2 மாத்திரை + 1 அவுன்ஸ் × 3” என்று எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் விதிப்படி அந்தச் சீட்டில் ஒரு தவறும் இல்லை அத்தான். மாத்திரை ஒரு வேளை, தண்ணீர் மூன்று வேளை. கம்பவுண்டர் நினைத்ததும் அதுதான். ஆனால் வீட்டில் இருந்தவர்கள் இரண்டையும் மூன்று மூன்று வேளை கொடுத்துவிட்டார்கள். இவள் கொட்டகையிலிருந்து வந்து சீட்டைப் பார்ப்பதற்குள் அவர் ஆறு மாத்திரை விழுங்கியாகிவிட்டது. இரண்டு நாள் காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இரைச்சல், எழுந்து நின்றால் தலைசுற்றல். பிழைத்துக்கொண்டார். இப்போதும் அவரிடம் ஏதாவது வேலை சொன்னால், காது கேட்கவில்லை என்று அந்தக் கொய்னாவின் மேல் பழி போடுகிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெண் சிரித்தாள்.

2 + (1 × 3) என்று எழுதியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. நீங்கள் அழுக்கு என்று சொன்ன அதே வளைவுதான்.

உங்கள் கேள்வியில் விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன். கவனக்குறைவும் இல்லை, அடங்காமையும் இல்லை. அரை மதிப்பெண் போகும் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாள்.

டாக்டர் வால்டரிடம் பேசிவிட்டேன். அவர்தான் கமிட்டித் தலைவர். நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுவார். “தேர்வாளர் கடிதம் எழுதினால் போதாது, சிஸ்டர். அவர் நேரில் வந்து, இன்ன காரணத்துக்காக மாற்றுகிறேன் என்று கமிட்டி முன் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு முப்பத்தொரு அப்பாக்களும் வாசலில் நிற்பார்கள்” என்கிறார். வருகிற 22ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி.

பன்னிரண்டாவதாக இருப்பவள் மோலி, எங்கள் மாதா கோவில் உபதேசியாரின் மகள். அவளை அழிக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நீங்கள் உங்கள் கணக்கைப் பாருங்கள். கட்டில் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கரும்பலகை ஒன்று இருக்கிறது. பிரசவ வார்டில் குழந்தைகளின் எடை எழுதுவது. துடைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
செலின்

*

மைசூர்
18 மே 1954

அன்புள்ள செலினுக்கு,

ஆசீர்வாதம்.

1. நான் சொன்னதில் ஏதோ தவறு இருக்கிறது.
2. சனிக்கிழமை.

முதலாவது. “படிக்கறது அவருங்களா?” என்ற அந்தப் பெண்ணின் கேள்வியை மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். காலையில் அக்ரஹாரம் வழியாக நடந்து போகும்போதும் அதுதான் உடன் வருகிறது. ஒழுங்கு அழகானது என்று இப்போதும் நம்புகிறேன். அது ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையில் நடக்கும் பேச்சு. ஒப்புக்கொள்ளாதவர்களும், கேள்விப்படாதவர்களும், காய்ச்சலில் கிடப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது என் பாடத்தில் வரவே இல்லை. அவள் அந்த ஒழுங்கைச் சந்தேகிக்கவில்லை. அதைத் தெரியாதவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்படிப் பார்த்தால் அந்த எட்டு வளைவுகளும் எட்டு மரியாதைகள். நான் அவற்றுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன். (இது சரிதானா என்று இன்னும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் தயக்கம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது.)

நியாயம் ஒருத்திக்கு மட்டும் இருக்கக் கூடாது. மதிப்பெண் குறித்த என் நகலை வைத்து முப்பத்தொரு பேரையும் மறுபடி பார்த்தேன். வேறு இரண்டு பெண்களுக்கும் இதே காரணத்துக்காக அரை அரை குறைத்திருந்தேன். மூவருக்கும் திருப்பிக் கொடுத்தால், அந்த இருவரின் இடமும் மாறவில்லை. பழனாத்தாள் மூன்றாவதாக வருகிறாள். மூன்றாவது, செலின். இரண்டு கணக்குகளைத் தொடாமலே.

இரண்டாவது. கொள்ளேகால் பஸ் காலை ஆறு மணிக்கு என்று விசாரித்துவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரி கௌரம்மாவிடம் சாவியைக் கொடுத்துச் செல்வதாகச் சொன்னபோது, “மேஷ்ட்ரே, நீங்க பஸ் ஏறினா சாமுண்டி பெட்டா மலையும் கூடவே ஏறிடும்” என்று கேலி செய்தாள். நான் வருவேன் என்று உறுதியாக எழுத என் பேனா மறுக்கிறது. வராவிட்டால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதே (வருவேன்).

அன்புடன்,
கொர்னேலியஸ்

*

கொள்ளேகால்
24 மே 1954

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் பாதியில் கிளம்பிப் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் அங்கே தூக்கமின்றி இருப்பீர்கள். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பழனாத்தாளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மோலியும் இருக்கிறாள். பதிமூன்று பேர்.

இனி மற்றது. டாக்டர் வால்டர், “விதியை அச்சடித்தது நீங்கள், மீறியது அந்தப் பெண். நான் யாரைத் தவறு என்று சொல்வது?” என்று கேட்டபோது நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். நீங்கள் எழுந்து போய், எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழந்தைகளின் எடை எழுதுகிற அந்தப் பலகையில் 2 + 1 × 3 என்று எழுதினீர்கள். “ஆளுக்கொரு தாளில் விடையை எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம்” என்று பலகையிடம் சொன்னீர்கள். பாதிரியார் முதற்கொண்டு எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். நானும் எழுதினேன்.

பாதிரியார் 9. கணக்கர் 5. ஸ்டோர்காரர் 9. நான் 5, உங்களிடம் படித்தவள் ஆயிற்றே. டாக்டர் மட்டும் தன் தாளைக் காட்டாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “மேலே போகலாம்” என்றார்.

அப்போது நீங்கள் திரும்பினீர்கள். எங்கள் முகங்களைப் பார்த்து, “இது கொய்னா மாத்திரை” என்றீர்கள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தரவில்லை. தேவைப்படவும் இல்லை. அதன்பின் அவளுடைய எட்டு அடைப்புக்குறிகளையும் ஒவ்வொன்றாக எழுதிக் காட்டி, ஒவ்வொன்றிலும் எங்கே ஒருவர் வழி தவறியிருக்கக்கூடும் என்று சொன்னீர்களே, அவ்வளவு நேரமும் நீங்கள் பலகையைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு அது தெரிந்ததா?

நீங்கள் போன பிறகு டாக்டர், “சரி, மூன்றாவது இடம். அப்படியானால் உபதேசியார் மகளை என்ன செய்வது? விடுதியில் பன்னிரண்டு கட்டில்தான்” என்று ஆரம்பித்தார். துணி அடுக்கும் அறையைக் காலி செய்துவிட்டேன் என்றேன். “எப்போது?” என்றார். நேற்றே என்றேன். துணியெல்லாம் இப்போது என் அறையில் இருக்கிறது; படுக்கையிலிருந்து கதவுக்குப் போக ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். டாக்டர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை வார்டில் அவர் எழுதிய மருந்துச் சீட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அடைப்புக்குறி. ஒரே மருந்துக்குக்கூடப் போட்டிருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துக் கதவு திறந்திருந்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அடைப்புக்குறிக்குள் வரும் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செலின்

*

மைசூர்
2 ஜூன் 1954

அன்புள்ள செலினுக்கு,

ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தின் செய்திகள்:

1. உன் கடிதம்.
2. பழனாத்தாள் என்னிடம் சொன்னது.
3. அடுத்த வருட வினாத்தாள்.
4. இனி என் கடிதங்களில் அடைப்புக்குறி வராது என்பது.

முதலாவது. நீ நினைத்தது சரி. மூன்று இரவுகள் தூங்கவில்லை. உன் கடிதம் வந்ததும் கௌரம்மாவிடம் சொன்னேன். எந்தப் பெண், என்ன இடம் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். “மேஷ்ட்ரே, பஸ் உங்களைத் தின்னலே, பார்த்தீங்களா?” என்றாள். தின்னவில்லை என்பது உண்மைதான். டி. நரசிபுரத்துப் பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. இரண்டு ஆறுகள் சேருமிடம். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருந்தேன். மூடவில்லை.

துணி அறையை முதல் நாளே காலி செய்தாய் என்பதைப் படித்தபோது நெடுநேரம் கடிதத்தைக் கீழே வைக்கவில்லை. நான் வருவேனா என்று எனக்கே தெரியாதபோது, நான் வந்து பேசி, கமிட்டி ஒப்புக்கொண்டு, பதிமூன்றாவது பெண் வருவாள் என்று நீ கட்டில் போட்டிருக்கிறாய். விதிகளின் ஒழுங்கை நான் எவ்வளவோ வியந்திருக்கிறேன். உன்னை வியக்க மறந்துவிட்டேன்.

இரண்டாவது. கூட்டம் தொடங்குவதற்கு முன் வராந்தாவில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். வணங்கிவிட்டு, “ஏனுங்க, கடைசி ரெண்டு கணக்கையும் நான் வீட்டுல போட்டுப் பார்த்தனுங்க, சரிங்களா?” என்று ஒரு தாளை நீட்டினாள். இடம் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. தன் மதிப்பெண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, அந்தத் தாளால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் முடிக்காமல் விட்டதை முடித்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டும் சரி. அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உள்ளே வரக் கால் எழுந்தது. பலகை முன் நின்று நான் சொன்னவை எல்லாம் அந்த ஒரு நிமிடத்திலிருந்து வந்தவை.

உங்கள் முகங்களைப் பார்த்துப் பேசினேன் என்கிறாய். அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் பாதிரியாரின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு நினைவுக்கு வருகிறது. ஆகவே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது. அடுத்த வருடமும் கணக்கு வினாத்தாளை நானே தயாரிக்க வேண்டும் என்று டாக்டர் வால்டர் கேட்டிருப்பதாகத் தகவல் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் அந்த வரி இராது. அதற்குப் பதிலாக, ‘உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாத ஒருவர் படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள்’ என்று அச்சிட எண்ணியிருக்கிறேன். இந்த வாக்கியம் சற்று நீளம். குறைக்க முயன்றேன், குறையவில்லை.

நான்காவது. நீ என் அடைப்புக்குறிகளை எண்ணியது எனக்கு உறைத்தது. சொல்ல வேண்டியதை மூலையில் ஒளித்துவைப்பது பயந்தவனின் வழக்கம். பழனாத்தாள் அடைப்புக்குறி போடுவது படிப்பவனுக்காக. நான் போடுவது என்னைக் காத்துக்கொள்ள. இரண்டும் ஒன்றல்ல. ஆகவே இனி எதையும் நேராகவே எழுதுவது என்று முடிவுசெய்தேன். இந்தக் கடிதத்தில் இதுவரை ஒன்றுகூட வரவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். தோட்டக்காரர் சொன்னதைப் பற்றியும் நேராகவே எழுதிவிடலாம் என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் தாளைக் கிழித்துவிட்டேன்.

(போனேன். நீங்கள் வெள்ளையடித்திருந்தீர்கள், தலைமாட்டில் மட்டும் மழை வழிந்த கறை. நின்றேன், உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனம் வராமல் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். சுண்ணாம்பை நான் கொண்டுவருகிறேன். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.)

மேலே நான்காவதாக நான் எழுதியது தவறு.

அன்புடன்,
கொர்னேலியஸ்